காப்புக் கட்டி நிறுத்திய மாத்திரை

1. சேற்றில் கொட்டிய கொழுந்து

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகை வரிசையில் நின்றபடியே நான் தூங்கிப்போனேன். முன்னால் நின்றவள் நகர்ந்தாள், நான் நகரவில்லை. பின்னால் நின்ற மருதாயி முதுகில் குத்தினாள். திடுக்கிட்டு விழித்ததில் கூடைக் கயிறு நெற்றியிலிருந்து நழுவி, கூடை கவிழ்ந்து, கொழுந்தெல்லாம் சேற்றில் கொட்டியது. கணக்கப்பிள்ளை தராசை விட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தார். எங்களை வேலை வாங்கும் கங்காணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

இதை நான் சொல்கிறேன், என் மகள் எழுதுகிறாள். அவள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். "நீங்க பேசற மாதிரியே எழுதவாம்மா?" என்று கேட்டாள். "அச்சுல வர்றது அச்சு மாதிரி இருக்கட்டும். ஆளுங்க பேசினத மட்டும் பேசினபடி எழுது" என்றேன். நான் திட்டிய இடங்களை அவள் பாதிக்குப் பாதி வெட்டிவிட்டாள். வாசிக்கிறவர்களுக்குத்தான் நஷ்டம்.

எங்கள் தோட்டம் இலங்கையில், மஸ்கெலியாப் பக்கம். நான் கூடை தூக்கத் தொடங்கியபோது சின்னப் பெண். கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, தேயிலை விலை விழுந்து தோட்டமெல்லாம் திண்டாடிய அந்தக் காலத்தில் எனக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். எங்கள் கூட்டத்தில் முதல் நிரை என்னுடையது. தேயிலைச் செடிகள் நிரை நிரையாக மலையேறும், ஆளுக்கு ஒரு நிரை. முதல் நிரைக்காரி எந்த வேகத்தில் போகிறாளோ அந்த வேகத்தில்தான் மற்றவர்கள் போக முடியும். அதனால் கை வேகமுள்ளவளுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். எனக்கு அந்த நிரையில் கொஞ்சம் திமிரும் இருந்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

மறுநாள் விடியற்காலை பெரட்டில், அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் களத்தில், கங்காணி சொன்னார்: "பேச்சி, நீ இன்னையில இருந்து கடைசி நிரைக்குப் போ புள்ள. மொத நிரைய மருதாயி பாக்கட்டும்."

மருதாயி என் சிநேகிதி, லயம் என்கிற வரிசை வீட்டில் எனக்கு அடுத்த காம்பரா, அதாவது அறை. "எனக்கு வேணாங்கய்யா" என்றாள்.

"உன்னையக் கேக்கல" என்றார் கங்காணி.

நான் கடைசி நிரைக்குப் போனேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. பனியில் எல்லோர் முகமும் ஈரமாகத்தான் இருக்கும் என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

2. ஆளுக்கு ஒரு வைத்தியம்

என் உடம்புக்கு என்ன வந்தது என்று எனக்கே விளங்கவில்லை. எந்நேரமும் குளிர். எங்கள் மலையில் குளிருக்குப் பஞ்சமில்லை, ஆனால் மற்றவர்கள் கம்பளியைக் கழற்றும் மத்தியான வெயிலிலும் எனக்குப் பல் கிடுகிடுத்தது. காலையில் முகம் வீங்கியிருக்கும். தலைமுடி சீப்போடு வந்தது. தோல், மீன் குழம்புக்குப் போடும் காய்ந்த கொரக்காய்போல் சொரசொரவென்றிருந்தது. குரல் கம்மி, பிள்ளையைக் கூப்பிட்டால் யாரோ ஆம்பிளை கூப்பிடுவதுபோல் கேட்கும். ஒரு பேச்சை எடுத்தால் முடிப்பதற்குள் மறந்துவிடும்.

இதற்கு நேர்மாறாக இன்னொன்று. நடுங்கிக்கொண்டே நிற்பேன், திடீரென்று நெஞ்சிலிருந்து ஒரு கொதிப்பு ஏறி முகம் தீப்பிடித்ததுபோலாகும். கம்பளியைப் பிடுங்கி எறிவேன். வேர்த்துக் கொட்டும். கொஞ்ச நேரத்தில் அது போய்விடும், பழையபடி நடுக்கம். மாதவிலக்கும் தன் இஷ்டத்துக்கு வந்தது. சில மாதம் எட்டிப் பார்க்காது, வந்தால் போகாது.

லயத்தில் வைத்தியத்துக்கா பஞ்சம்? ஒருத்தி கொத்தமல்லி என்றாள், ஒருத்தி காத்துக் கருப்பு என்றாள், ஒருத்தி ரத்தம் கெட்டுவிட்டது என்றாள். வயிறு வேறு உப்பியிருந்தது. இரண்டு மாதமாக விலக்கும் இல்லை. மருதாயி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அக்கா, உண்டாயிருக்கியா?" என்று கேட்டாள்.

"போடி, வெக்கங்கெட்டவளே. எனக்கு என்ன வயசு" என்றேன்.

ஆனால் பேச்சு பரவிவிட்டது. பரவியதில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் என் வீட்டுக்காரர் சின்னச்சாமி. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள், அதிகம் பேசமாட்டார். அந்த ஒரு வாரம் மட்டும் மீசையை நீவிக்கொண்டு திரிந்தார். கடையில் எனக்காக மாங்காய் வாங்கி வந்தார். அந்த மாங்காயை நான் தின்று முடிப்பதற்குள் விலக்கு வந்து, பத்து நாள் நிற்காமல் போய், எழுந்தால் கண் இருட்டியது. பாவம், மனுசன் மீசையிலிருந்து கையை எடுத்தார்.

கடைசியில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். "வயசாச்சு. அவ்வளவுதான்." நானும் அதைத்தான் நம்பினேன். விலக்கு நிற்கிற வயசில் பொம்பிளை இப்படித்தான் ஆவாள், பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தராமலேயே எல்லாப் பொம்பிளைகளுக்கும் தெரிந்திருந்தது.

3. ஊருக்கு அனுப்பும் பேச்சு

விலை விழுந்ததால் தோட்டத்தில் ஆட்குறைப்பு. வேலை செய்ய முடியாதவர்களைக் குடும்பத்தோடு இந்தியாவுக்கு அனுப்பிவிடுவது என்று பேச்சு வந்தது. ரயிலேற்றித் தலைமன்னாருக்கு, அங்கிருந்து கப்பல். கீழ் லயத்திலிருந்து இரண்டு குடும்பம் ஏற்கெனவே போய்விட்டது.

ஒரு சாயங்காலம் கங்காணி எங்கள் காம்பரா வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. சின்னச்சாமியிடம்தான் பேசினார்.

"தோட்டத்துத் தொர வேல செய்ய முடியாத ஆளுங்க பேரக் கேக்கிறாரு. பேச்சி பேர நான் இன்னும் சொல்லல. ஆனா எத்தன நாளைக்கு மறைக்கிறது? கணக்கப்பிள்ள கண்ணு முன்னாலயே தூங்குதே இது."

"ஊருல எங்களுக்கு யாருங்க இருக்கா?" என்றார் சின்னச்சாமி.

"எனக்கு மட்டும் யாரு இருக்கா? நான் செய்யிறதா இது?"

எங்கள் அப்பாவுக்குத் துறையூர்ப் பக்கம். நான் இடுப்புப் பிள்ளையாக வந்தவள். அந்த ஊரின் கிணறு எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இந்த மலை. என் பிள்ளைகள் பிறந்ததும், ஒன்றைப் புதைத்ததும் இங்கேதான். இப்போது இதை எழுதுகிறாளே, இவள் அப்போதுதான் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அகரம் சொல்லிக் கொடுக்கப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். அனுப்பினால் அவளும் எங்களோடு வந்தாக வேண்டும். என் உடம்பு ஓடாததால் மூன்று பேர் இந்த மலையை இழக்கப்போகிறோம் என்று நினைத்ததும் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் மருதாயி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மருந்து காம்பராவுக்குப் போனாள். அங்கே டிஸ்பென்சர் ஐயா, தோட்டத்தில் மருந்து கொடுக்கிறவர், எதற்கெடுத்தாலும் உப்பு மருந்து ஊற்றுகிறவர், அன்று என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நாக்க நீட்டு" என்றார். நீட்டினேன். "இது என் கையில இல்ல. டிக்கோயாப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் துண்டு தாரேன். போய்ட்டு வா" என்றார். அந்த மனிதர் தனக்குத் தெரியாது என்று சொன்னதை நான் அன்றுதான் கேட்டேன். அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

4. டொக்டர் கேட்ட கேள்விகள்

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் பேசும் தமிழ் எனக்கும், என் தமிழ் அவருக்கும் கொஞ்சம் தட்டிக்கொண்டுதான் போனது.

"என்ன செய்யுது அம்மா?"

"சோர்வா இருக்குங்க. வயசாயிருச்சுங்க."

"வயசை நான் பாக்கிறன். நீங்கள் என்ன செய்யுது எண்டு மட்டும் சொல்லுங்கோ. மற்ற ஆக்களுக்குக் குளிராத நேரத்திலையும் உங்களுக்குக் குளிருதோ?"

"ஆமாங்க. ஆனா சில நேரம் அடுப்புல போட்ட மாதிரி கொதிக்குதுங்க."

அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். குரல் முன்பும் இப்படியா? மலம் கழிப்பது எப்படி? மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? ஒரு ஆம்பிளையிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று நான் முழித்தேன். கூட வந்திருந்த மருதாயி எனக்குப் பதிலாக எல்லாவற்றையும் சொன்னாள். கேட்காததையும் சொன்னாள். மாங்காய்க் கதை வந்தபோது நான் அவள் தொடையைக் கிள்ளினேன்.

டொக்டர் கழுத்தைத் தடவி, தண்ணீர் குடிக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் முழங்கால் போட்டு நிற்கச் சொல்லி, குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் ஆடியது. "மருதாயி அம்மா, உங்கடை காலைக் காட்டுங்கோ" என்று அவளுக்கும் தட்டினார். அவள் பாதம் வெடுக்கென்று ஆடி நின்றது. என்னுடையது ஆடிவிட்டு, திரும்பி வரலாமா வேண்டாமா என்று யோசித்து, மெல்லத் திரும்பியது. அந்த வித்தியாசத்தை நானே கண்ணால் பார்த்தேன்.

"உங்களுக்கு ரெண்டு விஷயம் ஒண்டா வந்திருக்கு" என்றார். "ஒண்டு, மாதவிலக்கு நிக்கிற வயசு. கொதிப்பு, வேர்வை, ஒழுங்கில்லாத போக்கு எல்லாம் அதாலை. அது வருத்தமில்லை. மற்றது வருத்தம்." வருத்தம் என்று அவர் சொன்னது வியாதியை. "கழுத்திலை ஒரு சுரப்பி இருக்கு. உடம்புக்கு அடுப்பு எரிக்கிறது அதுதான். உங்கடை அடுப்பு அணையிற மாதிரிக் கிடக்கு. குளிர், வீக்கம், நித்திரை, மறதி எல்லாம் அதாலை. ரெண்டும் சேந்து வந்தபடியால் எல்லாரும் வயசு எண்டு விட்டிட்டினம்."

"என்னைய ஊருக்கு அனுப்பிருவாங்களாங்க?" என்று கேட்டேன். எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"அது எனக்குத் தெரியாது. இந்தக் குளிசையை விடாமப் போட்டால் நீங்கள் பழையபடி வேலை செய்வியள். அது தெரியும். ஆனா உடனை சுகம் வராது. ஒண்டரை, ரெண்டு மாசமாவது பொறுக்கவேணும்."

ரத்தப் போக்குக்கு இரும்பு மருந்து ஒரு போத்தல், குளிசை என்று அவர் சொன்ன மாத்திரை ஒரு டப்பி. மாத்திரை தீர்ந்தால் டிஸ்பென்சர் ஐயா வரவழைத்துக் கொடுப்பார் என்று சொன்னார். திரும்பும்போது நான் அழுதேன். மருதாயி, "ஏக்கா அழுவுற? வியாதின்னுதான சொன்னாரு" என்றாள். வியாதி என்று சொன்னதற்காகத்தான் அழுதேன். வியாதிக்கு மருந்து இருக்கிறது, வயசுக்கு ஏது?

5. என் அவசரம்

ஒரு வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வாரமும் அப்படித்தான். பிறகு ஒரு காலையில் கையைக் கழுவினேன், தண்ணீர் சில்லென்று இருந்தது, ஆனால் எலும்பில் குத்தவில்லை. அதுதான் முதல் அடையாளம். அடுத்து முகம் வடிந்தது. அதற்கடுத்து குரல். ஒரு நாள் கோழி உள்ளே வந்து மாவுச் சட்டியில் வாயை வைத்தது. நான் போட்ட சத்தத்தில் சின்னச்சாமி வெளியிலிருந்து ஓடி வந்தார். கோழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உன் சத்தம் வந்திருச்சு புள்ள" என்றார். கல்யாணத்தன்றுகூட அவர் என்னைப் பார்த்து அப்படிச் சிரிக்கவில்லை.

நல்லது வந்ததும் எனக்குப் பொறுமை போனது. ஒன்று இவ்வளவு செய்தால் மூன்று எவ்வளவு செய்யும்? மூன்று மாத்திரையாக விழுங்கத் தொடங்கினேன். சில நாளில் நெஞ்சு திக்குத் திக்கென்று அடித்தது. கை நடுங்கி, இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளவேண்டிய இடத்தில் கிளையை முறித்தேன். மருந்து காம்பராவுக்கு ஓடினேன்.

டிஸ்பென்சர் ஐயா டப்பியைத் திறந்து பார்த்ததும் விளங்கிக்கொண்டார். "யாரு ஒன்ன மூணு போடச் சொன்னது? செத்துப்போகவா பாக்குற? இது என்ன சும்மா மாவுன்னு நெனச்சியா? செம்மறியாட்டுக் கழுத்துச் சுரப்பிய எடுத்துக் காயவச்சு அரைச்சது. அதுக்கு வீரியம் இருக்கு. ஒண்ணுன்னா ஒண்ணு."

நெஞ்சு அடங்கும்வரை நிறுத்தி, பிறகு ஒன்றுக்கு வந்தேன், எல்லாம் சரியானது. தை பிறப்பதற்குள் கடைசி நிரையிலிருந்து நடு நிரைக்கு ஏறிவிட்டேன். கங்காணி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். என் பேரை அவர் துரையிடம் சொல்லவில்லை. ஆனால் ஆடு என்று டிஸ்பென்சர் ஐயா சொன்னது என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

6. காப்பு

உடம்பு தேறியதற்கு மாரியம்மனுக்கு நன்றி செய்ய வேண்டாமா? பங்குனித் திருவிழாவில் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். தையிலேயே கையில் மஞ்சள் காப்புக் கட்டினேன். காப்புக் கட்டினால் கவிச்சி தொடக்கூடாது. மீன், கருவாடு, ஆடு, கோழி எதுவும் கூடாது. சட்டி பானையைக்கூடத் தேய்த்துக் கவிழ்த்துவிடுவோம்.

அப்படியானால் ஆட்டுக் கழுத்திலிருந்து எடுத்த மாத்திரை? நான் யாரையும் கேட்கவில்லை. டப்பியைத் துணியில் சுற்றிக் கூரை இடுக்கில் செருகினேன். ஆத்தா கொடுத்த சுகத்துக்கு நன்றி சொல்லப் போகும்போது வாயில் ஆட்டை வைத்துக்கொண்டு போவதா என்பது என் நியாயம். அப்போது அது எனக்கு நல்ல நியாயமாகத்தான் பட்டது.

முதல் இரண்டு வாரம் ஒன்றுமில்லை. பார்த்தாயா, ஆத்தாவே பார்த்துக்கொள்கிறாள் என்று இருந்தேன். மாசியில் குளிர் திரும்பியது. முகம் உப்பியது. நடு நிரையில் இரண்டு பக்கத்துப் பெண்களும் என்னைத் தாண்டிப் போனார்கள். கங்காணி மறுபடியும் பேசாமல் பார்க்கத் தொடங்கினார். பங்குனி பிறந்ததும் துரை ஒவ்வொரு மலையாக வந்து ஆட்களைப் பார்க்கப்போகிறார் என்றார்கள்.

ஒரு சாயங்காலம் சின்னச்சாமி அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து உடுக்கைக்குப் புதுத் தோல் கட்டிக்கொண்டிருந்தார். திருவிழாவில் அம்மன் பாட்டுக்கு உடுக்கை அடிப்பது அவர்தான். அவரும் காப்புக் கட்டியிருந்தார். மருதாயி நெருப்பு வாங்க வந்தவள் என்னைப் பார்த்து நின்றுவிட்டாள். நான் கம்பளிக்கு மேல் சாக்கையும் போர்த்திக்கொண்டு சுருண்டிருந்தேன்.

"ஏக்கா, மறுபடியும் வீங்கியிருக்க. மாத்திர போடுறியா இல்லியா?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. அதற்குக்கூடத் தெம்பில்லை. ஆட்டு விஷயத்தைச் சொன்னேன். சின்னச்சாமி கையிலிருந்த வேலையை நிறுத்தினார். மருதாயி வாயைத் திறந்து கத்தத்தான் போனாள். அவள் கண் உடுக்கையில் விழுந்தது.

"மாமா, அது என்ன தோலு?" என்று கேட்டாள்.

"ஆட்டுத் தோலு" என்றார் அவர்.

"காப்புக் கட்டிக்கிட்டு ஆட்டுத் தோல மடியில வச்சிருக்கீங்க. அத ஆத்தா முன்னாலயே கொண்டுபோய் அடிப்பீங்க. ஆத்தாவும் கேட்டுக்கிட்டு எறங்கி வருவா. அதுக்குக் குத்தமில்ல. இவ மொளகு அளவு மாத்திரைய முழுங்கினாக் குத்தமா?"

"அது வாயில போடுறதில்லையே" என்றேன் நான். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

சின்னச்சாமி உடுக்கையைக் கீழே வைத்தார். எழுந்து கூரை இடுக்கைத் தடவி டப்பியை எடுத்தார். அது இருக்கும் இடம் அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "ருசிக்குத் தின்னாத்தான் கவிச்சி. நீ இத முழுங்கு. குத்தம்னா என் தலையில வரட்டும்" என்றார். மாத்திரையை என் கையில் வைத்தார். "ஊருக்குப் போனாக்கூடப் பரவாயில்ல புள்ள. நீ இப்பிடிக் கெடக்கிறதப் பாக்க முடியல என்னால."

நான் விழுங்கினேன். தண்ணீர் கொண்டுவந்தவள் மருதாயி. நெருப்பு வாங்க வந்ததை மறந்துவிட்டுப் போய்விட்டாள்.

7. துரை

மாத்திரை ஒரு வாரத்தில் ஒன்றும் செய்யாது என்று எனக்குத்தான் தெரியுமே. துரை வந்த அன்று நான் வீங்கிய முகத்தோடு, கம்பளிக்குள், எல்லோருக்கும் பின்தங்கி நின்றேன். துரை என் கூடைக்குள் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்த ஆள் யார்? சீக்கா?" என்று கங்காணியைக் கேட்டார்.

கங்காணி வாயைத் திறக்குமுன் நான் பேசினேன். இனிப் பேசாமலிருந்து என்ன மிச்சம்? "தொர, எனக்கு வியாதிங்க. மருந்து இருக்குங்க. தையில நல்லாத்தான் இருந்தேனுங்க. ஆத்தாவுக்குக் காப்புக் கட்டி மருந்த நானா நிறுத்திட்டேனுங்க. இப்பத் திரும்பப் போடுறேனுங்க. ரெண்டு மாசம் குடுத்தீங்கன்னா மொத நிரையில நிப்பேனுங்க."

துரைக்குப் பாதி விளங்கியிருக்கும். கங்காணி பக்கம் திரும்பினார். அந்த நேரத்தில் அந்த மனுசன் ஒரே ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் நாங்கள் மூன்று பேரும் ரயிலில் இருந்திருப்போம். கங்காணி தலைப்பாகையை எடுத்துக் கக்கத்தில் வைத்தார்.

"நெசந்தாங்க தொர. மொத நிரை ஆளுங்க இது. தேறி வந்தத நான் கண்ணால பாத்தேனுங்க. ரெண்டு மாசத்துக்கு நான் ஜவாப்புங்க."

துரை என் கூடையை இன்னொரு தடவை பார்த்தார். "ரெண்டு மாசம்" என்று சொல்லிவிட்டு அடுத்த நிரைக்குப் போனார்.

பங்குனியில் பால்குடம் எடுத்தேன். மலையேறும்போது மூச்சு வாங்கியது, மருதாயி பக்கத்திலேயே நடந்தாள். சின்னச்சாமி புதுத் தோல் போட்ட உடுக்கையை அடித்த அடியில் மூன்று பேருக்கு அருள் வந்தது. எனக்கு வரவில்லை. எனக்குக் குடத்தைக் கீழே போடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதே பெரிய பாடாக இருந்தது.

பிறகு மெல்ல மெல்ல, முன்போலவே, கை சூடு கண்டது, முகம் வடிந்தது, பேச்சு நினைவில் நின்றது. கங்காணி முதல் நிரையைத் திருப்பிக் கொடுத்தபோது நான் முழுசாக வாங்கிக்கொள்ளவில்லை. மருதாயியும் நானும் பங்கு போட்டுக்கொண்டோம். எனக்குப் போக்கு அதிகமான நாட்களில் அவள் முதல் நிரை, நான் ஓடைப் பக்கத்து நிரை. மறைவாகப் போய்த் துணி மாற்ற அந்த நிரைதான் வசதி. இதைக் கங்காணியிடம் நாங்கள் விளக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. இரும்பு மருந்து கசந்தாலும் விடவில்லை. முருங்கைக் கீரையும் கருவாடுமாகச் சின்னச்சாமி வாங்கிப் போட்டார். என் கதை தெரிந்ததும் மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாக வாயைத் திறந்தார்கள். "எனக்கும் கொதிக்குது", "எனக்கும் மூணு மாசமா வரல", "நான் மட்டுந்தான்னு நெனச்சேன்." நிரைக்கு நிரை இதே பேச்சு, இதே சிரிப்பு. அந்த வருசம் நாங்கள் சிரித்த மாதிரி அதற்குமுன் சிரித்ததில்லை. அவர்களில் இரண்டு பேரை நானே டிக்கோயாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஒருத்திக்கு என்னுடைய வியாதியேதான். மற்றவளுக்கு வியாதியே இல்லை, அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

துரை சொன்ன இரண்டு மாதம் முடிந்தது. மழையும் பனியுமாக இருந்த ஒரு காலையில் அவர் நாயோடு மலையேறி வந்தார். அன்று முதல் நிரை எனக்கு. நல்ல கொழுந்து, கை தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. துரை சரியாக என் எதிரில் வந்து நின்றபோது, எந்த நேரம் பார்த்து வரவேண்டுமோ அந்த நேரம் பார்த்து, நெஞ்சிலிருந்து கொதிப்பு ஏறியது. அந்தக் குளிரில், அந்த மழையில், கம்பளியை உருவிச் செடி மேல் எறிந்தேன். முகம் சிவந்து வேர்த்துக் கொட்டியது. பனியில் என் தலையிலிருந்து ஆவி கிளம்பியதாக மருதாயி இன்றுவரை சாதிக்கிறாள்.

துரையின் முகம் மாறியது. "என்ன? மறுபடி சீக்கா?"

எல்லா நிரையிலும் கொழுந்து பறிக்கும் கை நின்றது. கங்காணியின் கை தலைப்பாகைக்குப் போனது.

"இல்லீங்க தொர" என்றேன், கையை நிறுத்தாமல். "இது வயசுங்க."

மருதாயிதான் முதலில் சிரித்தாள். பிறகு கடைசி நிரைவரைக்கும் பொம்பிளைகள் சிரித்த சிரிப்பில் அவருடைய நாய் குரைத்தது. துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். அது வாய்வரை நிறைந்திருந்தது. தலையை ஆட்டிவிட்டு மேலே ஏறிப் போனார். அதன்பிறகு எங்களை ஊருக்கு அனுப்பும் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அந்தக் கொதிப்பு இன்னும் சில வருசம் இருந்துவிட்டுத் தானாகப் போனது. மாத்திரையை நான் விடவில்லை. எந்தக் காப்புக்கும் விடவில்லை. கூடை தூக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நாற்பதைத் தாண்டிய பிறகு உடம்பு சோர்ந்தால், வயசு என்று சொல்ல ஆயிரம் பேர் இருப்பார்கள். அவர்கள் பாதி சரியாகத்தான் சொல்வார்கள். மீதிப் பாதியை ஒரு டொக்டரிடம் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.